இரண்டாவது மேடையேற்றம்

லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்க வருகிற எம்மவர்களில் அநேகர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு நாடக அரங்கின் வாசலைக் கடந்தே போகிறார்கள். மெத்ரோப் பாலத்தின் கீழ், தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு பெருந்தெருவைத் தொடுகிற இடத்தில், 37 பிஸ் என்ற இலக்கத்தில் அது நிற்கிறது. பெயர் பூஃப் து நோர். 1876இல் கட்டப்பட்டு, 1952இல் மூடப்பட்டு, பாழடைந்து கிடந்த அந்தக் கட்டடத்தை 1974இல் பீற்றர் புறூக் மீண்டும் திறந்தார். தீய்ந்த சுவர்களுக்குப் பூச்சுப் பூசாமல், காயங்களோடு அப்படியே விட்டார். 1985 யூலையில் அவிஞோன் நகருக்கு வெளியே ஒரு கற்குழியில் தொடங்கிய ஒன்பது மணித்தியால மகாபாரதம் அதே ஆண்டு இந்த அரங்குக்கு வந்தது. 1983 யூலைக்குப் பின்னர் வந்திறங்கிய எமது இளைஞர்கள் விசாவுக்கும் வேலைக்கும் அலைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வெளியே நாங்கள் நடந்துகொண்டிருக்க, உள்ளே மேற்கு ஆபிரிக்கக் கதைசொல்லி மரபில் வந்த சொத்திகி குயாத்தே பீஷ்மராகவும், ஜப்பானியரான யோஷி ஒயிடா துரோணராகவும், மல்லிகா சாராபாய் துரௌபதியாகவும் நின்றார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2015 செப்ரெம்பரில், புறூக் அதே மேடைக்கு அதே கதையின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துவந்தார். பெயர் 'போர்க்களம்'. நான்கு நடிகர்கள், ஒரு மேளம், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். வென்றவனும் தோற்றவனும் பிணங்களுக்கு நடுவே நின்று இனி எப்படி வாழ்வது என்று கேட்கிறார்கள். 2009க்குப் பின்னர் எங்கள் வீடுகளில் இதைவிடப் பெரிய கேள்வி வேறு எது? அன்றிரவு அந்த அரங்கில் நான் கண்ட ஒரேயொரு தமிழ் முகம், இடையில் எழுந்துபோனபோது கழிப்பறைக் கண்ணாடியில் தெரிந்தது.

இதுபற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எமது நண்பர்கள் இரண்டாகப் பிரிவார்கள். 'எங்கடை கதையைக் களவெடுத்து வெள்ளையன் காசு பாக்கிறான்' என்பது ஒரு கட்சி. இதற்குக் கௌரவமான உறவினர்களும் உண்டு. புறூக்கின் மகாபாரதம் இந்தியச் சூழலிலிருந்து கதையைப் பிடுங்கி எடுத்துவிட்டது என்று றுஸ்தம் பருச்சா எண்பதுகளின் இறுதியிலேயே கடுமையாக எழுதினார். 'எங்கடை கதை பாரிஸ் மேடையேறிவிட்டது, பெருமைப்படு' என்பது மறு கட்சி. இரண்டு கட்சிகளும் ஒரே வசதியைத் தருகின்றன. இரண்டிலும் நாம் அரங்குக்குப் போகத் தேவையில்லை.

எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை போனது 2017 மார்ச் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறில். இரண்டு நாட்களில் இரண்டு நாடகங்கள், இரண்டுக்கும் பிறகு நடிகர்களோடு பேச்சு. அவற்றைப்பற்றி இத்தனை காலம் கழித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

சனிக்கிழமை வன்சென் காட்டுக்குப் போனேன். பழைய தோட்டா ஆலையான கார்த்துஷ்ரியில் 1970 முதல் இருந்துவருகிறது தியேத்தர் து சொலெய், தமிழில் சொன்னால் சூரிய அரங்கு. 1964இல் ஆரியன் முனுஷ்கினும் நண்பர்களும் தொடங்கிய கூட்டுக் குழு. நெறியாளருக்கும் சமையல் செய்பவருக்கும் ஒரே சம்பளம் என்பது அவர்களுடைய விதி. அகதிகளான எமக்கு இந்த இடம் வேறொரு வகையிலும் அந்நியமானதல்ல. 1996இல், லாச்சப்பலுக்குப் பக்கத்திலுள்ள சென் பெர்னார் தேவாலயத்தின் கதவைப் பொலிஸ் உடைப்பதற்குச் சில மாதங்கள் முன்னர், அதே விசா அற்ற மக்கள் இந்த ஆலைக்குள்தான் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். 2003இல் அகதிகளின் வாக்குமூலங்களைக்கொண்டே ஒரு நீண்ட நாடகம் செய்தார்கள்.

அன்று பார்த்தது 'இந்தியாவில் ஓர் அறை'. 2016 நவம்பரில் தொடங்கிய நாடகம். பாரிசில் 2015 நவம்பர் படுகொலைகள் நடந்த பின்னர் ஒரு பிரெஞ்சு நாடகக் குழு தென்னிந்தியாவில் அகப்பட்டு நிற்கிறது. குழுத்தலைவர் பித்துப் பிடித்து விலகிவிட, உதவியாளரான கொர்னேலியாவின் தலையில் எல்லாப் பொறுப்பும் விழுகிறது. ஏதாவது ஒரு நாடகத்தைக் காட்டியே ஆகவேண்டும். மனிதர் மனிதரைச் சுட்டுத் தள்ளும் காலத்தில் நாடகம் என்ன செய்யலாம் என்ற கேள்வியோடு அவள் கட்டிலில் படுக்கிறாள். கனவுகள் வருகின்றன. ஷேக்ஸ்பியர் வருகிறார், செக்கோவ் வருகிறார், தற்கொலைக் குண்டுதாரிகள் கோமாளிகளாக வருகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் நடுவே தெருக்கூத்து வருகிறது. துரௌபதியின் துகிலுரிதலும் கர்ணனின் மரணமும், தமிழிலேயே.

திருவண்ணாமலைப் பக்கத்துப் புரிசை என்ற ஊரின் கூத்துப் பரம்பரையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான் இந்தக் குழுவினருக்குக் கூத்துப் பழக்கியிருந்தார். பழகியவர்கள் பிரெஞ்சுக்காரர், ஈரானியர், ஆப்கானியர், பிறேசில்காரர் எனப் பல தேசத்தவர். கட்டைக் கிரீடமும் புஜக் கட்டையும் அணிந்து, முகவீணையும் மிருதங்கமும் ஒலிக்க அவர்கள் களத்துக்கு வந்தபோது நான் முதலில் கேட்டது உச்சரிப்பைத்தான். ழகரம் எங்கோ விழுந்தது, நெடில் குறிலானது. பிறகு உச்சரிப்பைக் கேட்பதை விட்டுக் காலைப் பார்த்தேன். அடவு பிசகவில்லை. கிறுகி வந்து நிற்கும்போது உடல் தள்ளாடவில்லை. பாட்டைக் கையில் எடுத்த பின்னணிக்காரர் நடிகருக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்தார். இது மூன்று நாள் பட்டறையில் வருகிற காரியம் அல்ல.

நாடகத்தின்மேல் எனக்குக் குறை உண்டு. குண்டுதாரிகளைக் கோமாளிகளாக்கும் காட்சிகள் சிரிக்கவைத்தன. ஆனால் அந்தச் சிரிப்பு தூரத்திலிருந்து வருகிற சிரிப்பு. வெடிகுண்டு கட்டியவனைத் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிந்திருந்த ஒரு சமூகத்துக்கு அது தொண்டையைத் தாண்டாது. இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. கொர்னேலியா உலகத்திலுள்ள எல்லா அரங்கையும் பார்த்து 'உன்னால் என்ன பயன்' என்று கேட்கிறாள். கூத்தை மட்டும் கேட்பதில்லை. அது ஒரு தூய ஊற்றுப்போல வந்து, பார்ப்பவரை நனைத்துவிட்டுப் போகிறது. தொண்டைமண்டலத்துக் கூத்து துரௌபதியம்மன் கோயில் விழாவோடும், இரவு முழுவதும் விழித்திருக்கிற ஊரோடும், அந்த ஊரின் சாதி ஒழுங்கோடும் பின்னிக் கிடப்பது. எந்தத் தெருவில் ஆடலாம், யார் வேடம் கட்டலாம் என்ற கேள்விகள் அதற்கும் உண்டு. அந்தக் கேள்விகளை வாசலில் விட்டுவிட்டுத்தான் கூத்து கார்த்துஷ்ரிக்குள் வந்தது.

இந்தக் குறைகளைச் சொன்ன பிறகும் உண்மை உண்மைதான். அந்த மாலையில் மற்றக் காட்சிகள் சரியும்போதெல்லாம் நாடகத்தைத் தூக்கி நிறுத்தியது கூத்து.

அங்கே நடிகர்களைச் சந்திப்பதற்குப் பின்வாசலில் காத்திருக்கத் தேவையில்லை. ஒப்பனை செய்வதையே பார்வையாளர் பார்க்கலாம். சாப்பாடு பரிமாறுவதும் பெரும்பாலும் குழுவினர்தான். நாடகம் முடிந்தபின் கூத்தாடிய ஓர் இளைஞரோடு பேசினேன். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர். நான் தமிழன் என்றதும் அவர் முதலில் கேட்டது, தான் பாடியது எனக்கு விளங்கியதா என்பதைத்தான். பாதிக்குமேல் விளங்கியது என்றேன். பாட்டுகளைத் தன்னுடைய எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்கியதாகச் சொன்னார். மாதக்கணக்காக ஒவ்வொரு நாளும் ஆடியதாகவும், பிழையான காலை அண்ணாவியார் பேசித் திருத்தவில்லை, திரும்பத் திரும்ப ஆடிக்காட்டியே திருத்தியதாகவும் சொன்னார். அண்ணாவியார் என்பது என் சொல். அவர் 'மாஸ்டர்' என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை ஒரு புறநகர் மண்டபத்தில் எம்மவர்களின் 'அரிச்சந்திர மயான காண்டம்'. இரண்டு மணிக்கென்று துண்டுப் பிரசுரம் சொன்னது. மூன்றரைக்கு விளக்கேற்றினார்கள். ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை. நாடகம் தொடங்கும்போது ஐந்து மணி. மண்டபத்தை எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார்கள்.

மயான காண்டம் என்றால் ஈழத்தில் ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும். காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து. 1989இல் அவர் இறக்கும்வரை யாழ்ப்பாணத்தின் கோயில் வீதிகளில் எத்தனை நூறு இரவுகள் அந்தச் சுடலையில் நின்றிருப்பார். அந்த நிழல் அன்றைய மேடையில் நின்ற எல்லோர்மேலும் விழுந்தது. முதல் அரை மணித்தியாலம் அவர்கள் நாடகத்தை நடிக்கவில்லை, ஒலிநாடாவை நடித்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். ஒலிவாங்கி ஒரே இடத்தில் நடப்பட்டிருந்தது. பாடவேண்டியவர் அதற்கு முன்னால் போய்ப் பாடிவிட்டு நகர்ந்து இடம்விட, அடுத்தவர் வந்தார். காசி மாநகரமும் சுடலையும் அந்த இரும்புக் கம்பியைச் சுற்றியே இருந்தன.

பிறகு சந்திரமதி பிள்ளையின் உடலோடு சுடலைக்கு வந்தாள். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைத் தகனம் செய்ய அவளிடம் எதுவும் இல்லை. சுடலை காப்பவன் வாய்க்கரிசியும் முழத்துண்டும் காற்பணமும் கேட்கிறான். கேட்பவன் தன் கணவன் என்பது அவளுக்குத் தெரியாது. இந்த இடத்தில் சந்திரமதி உச்சத் தொனியில் பாடுவதுதான் நாம் கேட்டுப் பழகியது. அன்று நடித்த பெண் பாடவில்லை. ஒலிவாங்கியை விட்டு விலகி, பிள்ளையின் பக்கத்தில் குந்தியிருந்து, பாட்டின் வரிகளைத் தாழ்ந்த குரலில் ஏறக்குறையப் பேச்சாகச் சொன்னாள். ஆர்மோனியக்காரர் இரண்டு இடத்தில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். பிள்ளைகள் ஓடித் திரிந்த மண்டபம் அடங்கியது. பிள்ளையை எரிக்கவும் புதைக்கவும் கிடைக்காத தாய்மார் அந்தக் கதிரைகளில் இருந்தார்கள். காணாமல் போனவனுக்குத் திவசம் செய்வதா விடுவதா என்று எட்டு ஆண்டுகளாகத் தீர்மானிக்க முடியாதவர்கள் இருந்தார்கள். பிணத்துக்கு வரி கேட்கிற அரசு எது என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஐந்தாறு நிமிடம் அந்தப் பழைய நாடகம் எங்களுடைய நாடகமாக இருந்தது. கார்த்துஷ்ரியில் மூன்றரை மணித்தியாலத்தில் எனக்குக் கிடைக்காத ஒன்று அந்த ஐந்தாறு நிமிடத்தில் கிடைத்தது.

இரவு லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் நடிகர்களோடு இருந்தேன். முகத்தில் பவுடர் முழுதாகப் போகவில்லை. கொத்துரொட்டி வந்தது. அரிச்சந்திரன் ஓர் இத்தாலிய றெஸ்ரோறனில் சமையல். சந்திரமதி அதிகாலை ஐந்து மணிக்குக் கந்தோர்கள் துப்புரவாக்கும் வேலை. லோகிதாசனாக வந்த பதினொரு வயதுப் பையன் இங்கே பிறந்தவன். தன் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிப் பாடமாக்கியிருந்தான். தாளை எனக்குக் காட்டினான். முதல்நாள் கேட்ட கதையே மறுபடி வருகிறதென்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த இடத்தில் பாடாமல் விட்டது யாருடைய யோசனை என்று சந்திரமதியைக் கேட்டேன்.

'யோசனை ஒண்டும் இல்லை அண்ணை. மூண்டு நாளாத் தடிமன். விடிய வேலைக்கும் போட்டு வந்தனான். மேலை எடுத்தால் குரல் உடைஞ்சிடும் எண்டு பயந்து கீழை சொன்னனான். பிழையோ?'

'பிழை இல்லைத் தங்கச்சி. நாடகத்திலை அதுதான் திறமான இடம்.'

'அப்பிடியோ?' நம்பாமல் பார்த்தார். 'திருப்பிச் செய் எண்டால் வருமோ தெரியாது.'

அடுத்தது எப்போது என்று கேட்டேன். அரிச்சந்திரன் சிரித்தார். பதினான்கு ஞாயிறு, ஞாயிறுக்கு மூன்று மணித்தியாலம் ஒத்திகை பார்த்தார்களாம். அதுவும் எல்லோரும் ஒன்றாக வந்தது இரண்டு ஞாயிறுதானாம். 'இனி ஆரும் கேட்டால் பாப்பம்' என்றார்.

*

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தற்செயலாகக் கிடைத்ததைக் கலையாக்குவது இரண்டாவது மேடையேற்றம். முதல் நாள் குரல் அடைத்ததால் வந்த தாழ்ந்த பேச்சு, இரண்டாம் நாள் தெரிந்து செய்யப்படவேண்டும். மூன்றாம் நாள் ஆர்மோனியக்காரர் எந்த இடத்தில் கையை எடுப்பதென்று அறிந்திருக்கவேண்டும். ஐந்தாம் நாள் ஒலிவாங்கி தேவையில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வைரமுத்துவின் மயான காண்டம் அப்படி இரவு இரவாகத் திரண்டதுதான். சொலெய் குழுவினர் ஒத்திகையில் மாதக்கணக்கில் செய்வதும் இதுவே: ஒருவர் தற்செயலாகக் கண்டதை எல்லோரும் சேர்ந்து பிடித்து வைப்பது. எமது புலம்பெயர் நாடகத்தில் கண்டுபிடிப்புகள் இல்லை என்பது பொய். அவை நிகழ்ந்த மாலையிலேயே இறந்துபோகின்றன.

விமர்சனமும் அதனால் இறக்கிறது. காலாண்டுச் சஞ்சிகையில் விமர்சனம் வெளிவரும்போது நாடகம் இல்லை. இல்லாத நாடகத்துக்கு எழுதுவது ஒன்றில் பாராட்டுப் பத்திரமாகும், இல்லையேல் அஞ்சலியாகும். நாம் இரண்டையும் தாராளமாக எழுதியிருக்கிறோம்.

'அவர்களுக்குக் காசிருக்கிறது, எங்களுக்கு வேலையிருக்கிறது' என்ற பதில் வரும். அதில் பாதி உண்மை. பிரான்சில் பன்னிரண்டு மாதத்துக்குள் 507 மணித்தியாலம் மேடையில் சம்பளத்துக்கு வேலை செய்த நடிகருக்கு, வேலையற்ற நாட்களுக்கும் உதவிப்பணம் உண்டு. எமது அரிச்சந்திரனுக்கு அந்தக் கணக்கு ஒருபோதும் தொடங்காது. நாடகக் குழுவுக்கு அரச மானியம் உண்டு. எமக்கு வர்த்தகர்களின் விளம்பரம்தான்.

மறு பாதியையும் பார்க்கவேண்டும். சூரிய அரங்கு மானியத்தோடு பிறக்கவில்லை. அறுபதுகளில் அவர்களும் பகலில் வேறு வேலை செய்து, மாலையில் ஒத்திகை பார்த்தவர்கள். அவர்களுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது 1967இல் மேடையேற்றிய ஆர்னோல்ட் வெஸ்கரின் 'சமையலறை'. பெரிய றெஸ்ரோறன் ஒன்றின் குசினியில் பல தேசத்துத் தொழிலாளர் படும் பாடுதான் கதை. அதை ஆடிய மெத்ரானோ வட்டரங்கு இருந்தது, லாச்சப்பலிலிருந்து அதே 2ஆம் இலக்க மெத்ரோவில் சில தரிப்புகள் தள்ளி. மேடையில் சாப்பாடே இல்லை. வெட்டுவதும் கிளறுவதும் வெறுங்கையால். 1968 மே மாதத்தில் வேலைநிறுத்தம் நடந்த தொழிற்சாலைகளுக்குள் கொண்டுபோய் அதையே ஆடினார்கள். பாரிசின் குசினிகளை எம்மவரைவிட நன்றாக அறிந்த நடிகர் யார்? அந்த நாடகத்தைத் தமிழில் ஆட எமக்கு எந்த அண்ணாவியாரும் கடல் கடந்து வரத் தேவையில்லை.

வீட்டுக்கு அருகிலும் உதாரணம் உண்டு. 1978இல் தொடங்கிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தை க. பாலேந்திராவும் ஆனந்தராணியும் லண்டனுக்குக் கொண்டுவந்த பிறகும், பிறெக்ற், லோர்க்கா, ரென்னசி வில்லியம்ஸ் என்று மொழிபெயர்த்த நாடகங்களையும் சொந்த நாடகங்களையும் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுபோய் மீண்டும் மீண்டும் ஆடினார்கள். அங்கும் நடிகர்கள் வேலைக்குப் போனவர்கள்தான். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' 1985இல் யாழ்ப்பாணத்தில், போருக்கு நடுவே, ஊர் ஊராக ஆடப்பட்டது. நேரம் இருந்தவர்கள் செய்த காரியங்கள் அல்ல இவை. ஒரு முறை போதாது என்று முடிவு எடுத்தவர்கள் செய்தவை.

எனவே சங்கங்களுக்கும் குழுக்களுக்கும் எனது கோரிக்கை சிறியது. ஆண்டுக்கு நான்கு புதிய நாடகம் வேண்டாம். ஒரே நாடகத்தை நான்கு தடவை ஆடுங்கள். பொன்னாடைக் காசை ஒத்திகை மண்டபத்துக்குக் கொடுங்கள். ஒத்திகைக்காக வேலைக்கு லீவு போடுகிற நடிகருக்கு அந்த நாள் சம்பளத்தைக் கொடுங்கள், மாலை வேண்டாம். முதல் மேடையேற்றம் முடிந்த அடுத்த கிழமை நடிகரையும் பார்வையாளரையும் ஒரு மேசையில் இருத்தி, எந்த ஐந்து நிமிடம் உயிரோடு இருந்தது என்று கேளுங்கள். அந்த ஐந்தைப் பத்தாக்கி மறுபடி ஆடுங்கள். 'சனம் ஒரு தரம் பாத்ததை இன்னொருக்காப் பாக்க வராது' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் வீதியில் மயான காண்டத்தைப் பார்த்த சனம் முடிவு தெரியாமலா விடியும்வரை இருந்தது?

இத்தனை காலம் கழித்து இதை எழுதும் காரணத்துக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை நாடகம் அதே ஆண்டு டிசெம்பரில் நியூயோர்க் போனது. கூத்தும் கூடவே போனது. ஞாயிற்றுக்கிழமை நாடகத்தை இன்னொரு தடவை ஆடுங்கள் என்று நான் மூன்று சங்கங்களைக் கேட்டேன். ஒருவர் புதிய நாடகம் இருக்கிறதா என்றார், மற்ற இருவர் மண்டபச் செலவைச் சொன்னார்கள். அரிச்சந்திரன் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். லோகிதாசனுக்கு மீசை அரும்பிவிட்டது, இனி அவன் பிணமாகக் கிடக்க முடியாது. சந்திரமதி இப்போதும் இங்கேதான். சென்ற மாதம் லாச்சப்பலில், பூஃப் து நோர் வாசலுக்கு எதிரே, மரக்கறிப் பைகளோடு கண்டேன். அந்தக் காட்சி நினைவிருக்கிறதா என்றேன். எந்தக் காட்சி என்று கேட்டார். சொன்னேன். வரிகள் எல்லாம் பாடமாம். எப்படிச் சொன்னேன் என்பதுதான் மறந்துபோச்சு என்றார்.

அதை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த மண்டபத்தில் இருந்த நாங்கள். ஒரு மத்தளக்காரரும் ஓர் அரிச்சந்திரனும் ஒரு சிறு பையனும் கிடைத்தால் மறுபடி தொடங்கலாம் என்று அவர் சொல்கிறார். விருப்பமுள்ளவர்கள் சஞ்சிகை முகவரிக்கு எழுதுங்கள். என் வாதத்தை மறுப்பவர்களும் எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.